எஃப்1 அழுத்திக் கடந்துபோன நாலு வரி

கேள்வி: ஐயா, தாலுகா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். 2019-இல் வாங்கிய டெல் இன்ஸ்பிரான் 15 லேப்டாப்தான் கடையின் மூலதனமே. போன மாதம் பேட்டரி உப்பி, டச்பேடையே மேலே தூக்கிவிட்டது. ஆன்லைனில் புது பேட்டரி வரவழைத்தேன். பாலிடெக்னிக் படிக்கும் என் அக்கா மகன் வீடியோ பார்த்து மாட்டிக்கொடுத்தான். மாட்டியதும் 28 சதவீதம் காட்டியது. அன்றிலிருந்து ஒரு புள்ளிகூட ஏறவில்லை. சார்ஜரைச் செருகினால் 'பிளக்டு இன், நாட் சார்ஜிங்' என்று வருகிறது. கரண்ட் போனால் பேட்டரியில் ஓடத்தான் செய்கிறது. அப்படி ஓடி ஓடி இப்போது 11-இல் நிற்கிறது. ஒரு கடையில் "டூப்ளிகேட் பேட்டரி, ஒரிஜினல் போடுங்கள்" என்றார்கள். இன்னொரு கடையில் "மதர்போர்டில் சார்ஜிங் ஐசி போய்விட்டது, 6,500 ரூபாய் ஆகும்" என்றார்கள். லேப்டாப் வேறு ஆமையாகிவிட்டது. ஒரு வேர்டு ஃபைல் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். ஆன் செய்யும்போது ஆங்கிலத்தில் நாலைந்து வரி வரும், எஃப்1 அழுத்தினால் போய்விடும், அதனால் தொந்தரவில்லை. பழைய பேட்டரி பேப்பர் டிராயரில் பத்திரமாக இருக்கிறது, அதற்கு ஏதாவது விலை கிடைக்குமா? இரண்டு கடைக்காரர்களில் யார் சொல்வதை நான் கேட்பது?
— ஒரு வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: இப்போதைக்கு இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம் ஐயா. தொந்தரவில்லை என்று நீங்கள் ஒதுக்கிய அந்த நாலைந்து வரியை முதலில் படியுங்கள்.

நாளைக் காலை கடை திறந்ததும் லேப்டாப்பை ஆன் செய்யுங்கள். எழுத்து வந்ததும் எஃப்1 பக்கம் விரலைக் கொண்டுபோகாமல் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் நினைப்பது சரியென்றால் முதல் வரியில் 'ஏசி பவர் அடாப்டர்' என்ற சொற்கள் இருக்கும். அடாப்டர் எத்தனை வாட், என்ன வகை என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்பது அதன் பொருள். அதன் கீழே, பேட்டரி சார்ஜ் ஏறாமல் போகலாம் என்று ஒரு வரியும், கிடைக்கிற மின்சாரத்துக்கு ஏற்ப இயந்திரம் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் என்று இன்னொரு வரியும் இருக்கும்.

நீங்கள் எழுதிய மூன்று குறையும் அதிலேயே இருக்கிறது. சார்ஜ் ஏறாதது, மெதுவானது, ஆன் செய்யும்போது எழுத்து வருவது மூன்றும் ஒரே நோயின் அடையாளங்கள். முதல் கடைக்காரர் இந்தத் திரையைப் பார்த்திருந்தாலும் 'பேட்டரி' என்ற சொல் கண்ணில் பட்டதும் பேட்டரியைக் குற்றவாளியாக்கியிருப்பார். மேல் வரி காரணம், கீழ் வரி அதன் விளைவு. விளைவைப் படித்துவிட்டுத்தான் புது பேட்டரி விற்கிறார்கள்.

டெல் சார்ஜரின் முனையைக் கையில் எடுத்துப் பாருங்கள். உருளையின் நடுவில் தையல் ஊசி போல மெல்லிய ஒரு பின் நீட்டிக்கொண்டிருக்கும். அதை மின்சாரம் வரும் வழி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மின்சாரம் சுற்றியிருக்கும் உருளையின் உட்பக்கத்திலும் வெளிப்பக்கத்திலும்தான் போகிறது. நடுப்பின் பேசுவதற்கு மட்டும். சார்ஜருக்குள் சின்னதாக ஒரு நினைவகச் சிப் இருக்கிறது. 'நான் டெல் சார்ஜர், இத்தனை வாட், 19.5 வோல்ட், இத்தனை ஆம்பியர்' என்று அதில் எழுதியிருக்கும். லேப்டாப் அந்த ஒற்றைக் கம்பி வழியாக அதைப் படிக்கும். படிக்க முடிந்தால்தான் பேட்டரிக்கு மின்சாரம் திறந்துவிடும். முடியாவிட்டால் முன்ஜாக்கிரதையாக நடந்துகொள்ளும். 'வந்திருப்பது யார், எவ்வளவு தாங்குவார் என்று தெரியவில்லை, அதிகம் இழுத்தால் சார்ஜர் சூடேறிவிடும்' என்று பேட்டரியை நிறுத்திவிட்டு, பிராசசரையும் அடக்கிவைக்கும். உங்கள் ஆமை வேகத்துக்கு இதுதான் காரணம்.

இதை நீங்களே சோதிக்கலாம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் சிபியு, அதாவது பிராசசரின் வேகத்தைப் பாருங்கள். சார்ஜர் செருகியிருக்கும்போது அரை கிகாஹெர்ட்ஸ் பக்கம் முடங்கிக் கிடக்கும். சார்ஜரை ஒரு நிமிடம் மட்டும் பிடுங்கினால் பெரும்பாலும் வேகம் திரும்பிவிடும். சார்ஜர் இருக்கும்போது நொண்டி, இல்லாதபோது ஓட்டம் என்றால், பேட்டரி மேல் பழி போட இடமே இல்லை.

பேட்டரி நல்லதாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று நான் சொல்வதற்கு உங்கள் கடிதத்திலேயே இன்னும் இரண்டு சாட்சிகள் இருக்கின்றன.

ஒன்று, அந்த 28. லித்தியம் பேட்டரியைத் தனியாக விமானத்தில் அனுப்பும்போது 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது என்பது 2016 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள சர்வதேச விதி. தரையில் வந்தாலும் தொழிற்சாலையில் பெரும்பாலும் அந்த அளவை ஒட்டியே நிறுத்தி அனுப்புகிறார்கள். புது பேட்டரி பெட்டியிலிருந்து 28-ஓடு வெளியே வந்தால் அது இயல்பான பிறப்பு எடை. ஆண்டுக்கணக்கில் யாரோ ஒருவருடைய அலமாரியில் தூங்கியிருந்தால் அந்த எண் இன்னும் கீழே போயிருக்கும்.

இரண்டு, கரண்ட் போனால் பேட்டரியில் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் கனெக்டர் சரியாக உட்கார்ந்திருக்கிறது, செல்கள் உயிரோடு இருக்கின்றன, எத்தனை சதவீதம் மிச்சம் என்று பேட்டரியால் லேப்டாப்பிடம் சொல்லவும் முடிகிறது. லேப்டாப் பேட்டரி வெறும் செல் கட்டு இல்லை. உள்ளே சின்னதாக ஒரு சர்க்யூட் இருந்து, மின்னழுத்தம், வெப்பம், மிச்சம் என்று சதா கணக்கு ஒப்பித்துக்கொண்டே இருக்கும். அந்த ஒப்பிப்பு நின்றிருந்தால் உங்களுக்கு 28-உம் தெரிந்திருக்காது, 11-உம் தெரிந்திருக்காது. பேட்டரியை லேப்டாப்புக்குப் பிடிக்கவில்லை என்றால் அதற்கு வேறு எச்சரிக்கை இருக்கிறது. பழைய டெல் மாடல்களில், 'பேட்டரியை அடையாளம் காண முடியவில்லை, இதைச் சார்ஜ் செய்ய இயலாது' என்று பேட்டரியின் பெயர் சொல்லியே குறை சொல்லும்.

செட்டிங்கில் யாராவது சார்ஜ் வரம்பு வைத்துவிட்டார்களோ என்ற சந்தேகத்தையும் இங்கேயே தள்ளிவிடலாம். டெல்லில் அப்படி ஒரு வசதி உண்டு. ஆனால் சார்ஜ் ஏறத் தொடங்கும் அளவை 50 சதவீதத்துக்குக் கீழே வைக்கவே முடியாது. 28-இலோ 11-இலோ நிற்கும் பேட்டரி, அந்த வரம்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஏறியே ஆக வேண்டும்.

அப்படியானால் பேட்டரி மாற்றிய அன்றே சார்ஜருக்கு ஏன் வாய் அடைத்தது? என் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. நேற்று வரை நன்றாக இருந்து இன்று கெட்டால், இடையில் யார் கை எங்கே பட்டது என்றுதான் முதலில் கேட்பேன். உங்கள் அக்கா மகனைக் குறை சொல்லவில்லை. பின்மூடியைக் கழற்றுகிறபோது, அதிலும் உப்பிய பேட்டரி உள்ளிருந்து தள்ளிக்கொண்டிருக்கும்போது, கொஞ்சம் பலம் கொடுத்துத்தான் நெம்ப வேண்டியிருக்கும். சார்ஜர் செருகும் ஜாக்கிலிருந்து மதர்போர்டுக்கு ஒரு குட்டிக் கேபிள் போகிறது. அதில் பல கம்பிகள் மின்சாரத்துக்கு, ஒன்றே ஒன்று அந்தப் பேச்சுக்கு. அந்த கனெக்டர் அரை மில்லிமீட்டர் வெளியே வந்துவிட்டாலும் போதும். மின்சாரக் கம்பிகள் எப்படியோ தொட்டுக்கொண்டு லேப்டாப் ஓடும், பேச்சுக் கம்பி மட்டும் விட்டுப்போகும். கெட்டுப்போன மாதிரியே தெரியாமல் கெடுவது இப்படித்தான்.

இதில் எனக்கும் சூடு பட்டிருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் இதே போல ஒரு லேப்டாப் வந்தது. சார்ஜ் ஏறவில்லை என்றதும் பேட்டரி மாற்றினேன். ஏறவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து போர்டில் சார்ஜிங் பகுதியைச் சூடுவைத்து, சார்ஜைக் கவனிக்கும் சிப்பான ஐசியையும் மாற்றினேன். ஏறவில்லை. மூன்றாம் நாள் சாப்பிடப் போகிற அவசரத்தில் கடையில் கிடந்த வேறொரு சார்ஜரைச் செருகிவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் 40 சதவீதம். வாடிக்கையாளருடைய சார்ஜரின் நடுப்பின் ஒரு மயிரிழை வளைந்திருந்தது, அவ்வளவுதான். அவரிடம் ஐசிக்குக் காசு வாங்க மனம் வரவில்லை.

ஆகவே நீங்கள் செலவில்லாத காரியத்திலிருந்து தொடங்குங்கள்.

சார்ஜர் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுப்பின் நடுவில் நேராக நிற்கிறதா, சாய்ந்திருக்கிறதா, நுனி ஒடிந்திருக்கிறதா? சாய்ந்திருந்தால் நுனியான ட்வீசரால் மெதுவாக, ஒரே ஒரு தடவை நிமிர்த்திப் பாருங்கள். செய்வதற்கு முன் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். இரண்டு மூன்று முறை ஆட்டினால் ஒடிந்துவிடும். பிறகு முனைக்கு அருகே வயர் வளைகிற இடத்தைத் தடவிப் பாருங்கள். ஐந்தாறு வருடம் சுருட்டிச் சுருட்டி வைத்த சார்ஜரில் முதலில் அறுவது உள்ளே இருக்கும் மெல்லிய பேச்சுக் கம்பிதான். மேலே ரப்பர் நன்றாகவே இருக்கும். பேட்டரி மாற்றிய வாரத்திலேயே அது அறுந்தது தற்செயலாகவும் இருக்கலாம். 'காக்கை உட்கார பனம்பழம் விழுந்த கதை' எங்கள் மேஜையில் வாரம் ஒன்று வரும்.

அடுத்தது பயாஸ், அதாவது விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே திறக்கும் லேப்டாப்பின் அடிப்படை செட்டிங் பக்கம். லேப்டாப்பை ஆன் செய்தவுடன் எஃப்2 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் நீலமோ சாம்பலோ ஒரு பக்கம் திறக்கும். அதில் அடாப்டர் என்ற வரியைத் தேடுங்கள். 45 வாட் அல்லது 65 வாட் என்று இருக்க வேண்டும். 'அன்னோன்' என்றோ 'நன்' என்றோ இருந்தால் நாம் பேசிக்கொண்டிருப்பது உறுதி. எதையும் மாற்றாமல் வெளியே வந்துவிடுங்கள்.

மூன்றாவதுதான் உண்மையான தீர்ப்பு. தெரிந்தவர் யாரிடமாவது இருந்து, அதே அளவு முனையுள்ள வேறொரு நிஜ டெல் சார்ஜரை அரைமணி நேரம் கடன் வாங்குங்கள். உங்கள் கடைக்கு வருகிற பத்திர எழுத்தர்களில் ஒருவரிடம் இல்லாமலா போகும். டெல்லில் பருமனான முனை, ஒல்லி முனை என்று இரண்டு உண்டு, உங்களுடையது ஒல்லி. உங்கள் சார்ஜர் 45 வாட் என்றாலும் 65 வாட் சார்ஜரைத் தாராளமாகப் போடலாம். வோல்ட் இரண்டிலும் 19.5-தான், லேப்டாப் தனக்கு வேண்டியதை மட்டும் இழுத்துக்கொள்ளும். ஆனால் ரயில் நிலைய வாசலில் கிடைக்கும் 'எல்லா லேப்டாப்புக்கும் ஒரே சார்ஜர்' வகையை இந்தச் சோதனைக்குக் கொண்டுவராதீர்கள். அதில் பலவற்றுக்குள் அந்தச் சிப்பே இருக்காது. அதே எச்சரிக்கை வரும், நீங்களும் போர்டு போய்விட்டது என்று முடிவுகட்டிவிடுவீர்கள்.

கடன் வாங்கிய சார்ஜரில் எச்சரிக்கை வராமல் சார்ஜ் ஏறினால் விஷயம் முடிந்தது. ஒரு நல்ல சார்ஜர் வாங்குங்கள், வாங்கும்போது லேப்டாப்பையும் கொண்டுபோய் அங்கேயே பயாஸில் வாட் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். மேலே ஒட்டியிருக்கும் 'ஒரிஜினல்' ஸ்டிக்கரை நம்பாதீர்கள். அந்த ஸ்டிக்கர் தனியாகவே விற்கிறது.

அதிலும் ஏறவில்லை என்றால் மட்டும் பின்மூடியைத் திறக்க வேண்டும். அக்கா மகனையே கூப்பிடலாம். இந்த முறை அவசரம் வேண்டாம். சார்ஜரைக் கழற்றி, லேப்டாப்பை ஷட்டவுன் செய்துவிட்டு, ஸ்க்ரூக்களைக் கழற்றும் வரிசையிலேயே ஒரு அட்டையில் குத்தி வையுங்கள். நீள ஸ்க்ரூவைக் குட்டை ஓட்டையில் முறுக்கி உள்ளே எதையாவது குத்திவிடுவது வீட்டில் செய்கிறவர்கள் அடிக்கடி செய்யும் தப்பு. மூடியை நெம்ப இரும்பு வேண்டாம், காலாவதியான ஏடிஎம் கார்டு போதும். திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிரிப்பது. பிரித்தபின் பவர் பட்டனை ஒரு 30 விநாடி அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். போர்டில் தேங்கி நிற்கும் மின்சாரம் வடிந்து, சார்ஜிங்கைக் கண்காணிக்கும் சிப் புதிதாக விழித்தெழும். அரிதாக இதிலேயே குணமாவதும் உண்டு.

பிறகு சார்ஜர் ஜாக்கிலிருந்து வரும் கேபிளைப் பின்பற்றிப் போய், போர்டில் அது செருகியிருக்கும் இடத்தைப் பாருங்கள். வயரைப் பிடித்து இழுக்காமல், கனெக்டரை நகத்தால் பிடித்துக் கழற்றி, நேராக வைத்துத் திரும்ப அழுத்துங்கள். எங்காவது மூடிக்கும் ஸ்க்ரூத் தூணுக்கும் இடையே ஒரு கம்பி நசுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஜாக்கின் துளைக்குள் டார்ச் அடித்து, நடுவே அழுக்கோ ஒடிந்த பின்னின் துண்டோ மாட்டியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். முடிந்ததும் பேட்டரி கனெக்டரை மாட்டி, மூடியை வைத்து, சார்ஜர் போட்டு ஆன் செய்து பாருங்கள்.

அதற்கும் மசியவில்லையா? ஜாக்கையும் கேபிளையும் சேர்த்து ஒரே துண்டாக விற்கிறார்கள். போர்டு வேலைக்குச் சொல்லும் தொகையோடு பார்த்தால் அது சில்லறைச் செலவு. அதை மாற்றியும் பயாஸில் 'அன்னோன்' என்றே இருந்தால்தான் போர்டைப் பற்றிப் பேச வேண்டும். அப்போதுகூட குறை பெரும்பாலும் பேச்சுக் கம்பி போர்டுக்குள் நுழையும் வழியில் இருக்கும் ஒரு ரெசிஸ்டரிலோ பாதுகாப்பு டயோடிலோ இருக்கும். நடுப்பின் வளைந்து உருளையைத் தொட்டால் 19.5 வோல்ட் அந்த மெல்லிய வழியில் பாய்ந்து அதைச் சுட்டுவிடும். மைக்ரோஸ்கோப் வைத்து வேலை செய்கிற ஆளுக்கு அது ஒரு மணி நேர வேலை. போர்டையே மாற்றத் தேவையில்லை.

இரண்டாவது கடைக்காரர் சொன்ன சார்ஜிங் ஐசி கெடாத பொருள் என்று நான் சொல்லவில்லை, கெடும். ஆனால் ஐசி மட்டும் கெட்டால் பயாஸ் சார்ஜரை ஒழுங்காக அடையாளம் காணும், 65 வாட் என்று காட்டும், இந்த எச்சரிக்கை வராது, லேப்டாப்பும் ஆமையாகாது. அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பயாஸில் அடாப்டர் என்ன காட்டியது?" பதில் சொல்லத் தெரிந்தால் அவரிடம் லேப்டாப்பைக் கொடுக்கலாம். "அதெல்லாம் பார்க்க வேண்டியதில்லை சார், அனுபவம்" என்றால் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

இணையத்தில் தேடினால், வேகத்தை மட்டும் திரும்பக் கொண்டுவர ஒரு சின்ன மென்பொருளில் டிக் எடுத்துவிடச் சொல்லும் வழி கிடைக்கும். அது வேலை செய்யும். ஆனால் சார்ஜ் அப்போதும் ஏறாது. சார்ஜர் எவ்வளவு தாங்கும் என்று தெரியாததால் லேப்டாப் போட்டுக்கொண்ட கடிவாளத்தையும் அவிழ்த்துவிட்டதாகிறது. நாள் முழுக்க ஓடுகிற கடை லேப்டாப்பில் அதை நான் செய்யமாட்டேன்.

இவ்வளவும் செய்து முடிக்கும் வரை ஒரு அவசர வேலை இருக்கிறது. அந்த 11 சதவீதத்தை இனிமேல் செலவழிக்காதீர்கள். கரண்ட் போனால் லேப்டாப்பையும் நிறுத்திவிடுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் அன்றைக்கு டைப்பிங் இல்லை என்று போர்டு மாட்டினாலும் பரவாயில்லை. உங்கள் பேட்டரியில் பெரும்பாலும் மூன்று செல் தொடராக இருக்கும், ஒவ்வொன்றும் சராசரி 3.8 வோல்ட், அதனால்தான் மேலே 11.4 வோல்ட் என்று போட்டிருக்கும். செல் ஒன்று 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கி வாரக்கணக்கில் கிடந்தால், அணைத்து வைத்த நிலையிலும் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து இன்னும் கீழே போகும். அளவுக்கு மீறிக் கீழே போனால் உள்ளேயிருக்கும் தாமிரத் தகடே கரையத் தொடங்கும். அதன்பின் பேட்டரியின் பாதுகாப்பு சர்க்யூட் தானே கதவைச் சாத்திவிடலாம். அப்போது சார்ஜர் சரியானாலும் பேட்டரி ஏறாது, முதல் கடைக்காரர் சொன்னது தாமதமாக உண்மையாகிவிடும். ரிப்பேருக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்றால் பேட்டரி கனெக்டரைப் பிரித்தே வைத்துவிடுங்கள். லேப்டாப் சார்ஜரில் மட்டும் ஓடும்.

டூப்ளிகேட்டா என்ற சந்தேகம் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கும் என்பது தெரியும். அதற்கும் வழி உண்டு. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, 'பவர்' என்ற ஆங்கிலச் சொல்லை அடித்து, ஒட்டினாற்போல் சி, எஃப், ஜி மூன்று எழுத்தையும் சேருங்கள். ஒரு இடம் விட்டு, முன்பக்கம் சாய்ந்த கோடு ஒன்று. அதையொட்டி 'பேட்டரி ரிப்போர்ட்' என்பதை இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாக அடித்து என்டர் தட்டுங்கள். அறிக்கையை எந்த ஃபோல்டரில் வைத்திருக்கிறது என்று கீழே சொல்லும். திறந்து பார்த்தால் 'டிசைன் கெப்பாசிட்டி' என்ற வரியில் பெரும்பாலும் 42,000 மில்லிவாட்-மணி பக்கம் ஒரு எண் இருக்கும். 2019 இன்ஸ்பிரான் 15 பலவற்றில் வரும் 42 வாட்-மணி பேட்டரி அதுதான். பழைய பேட்டரியின் மேல் போட்டிருக்கும் வாட்-மணியோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். 'ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி' அதற்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். 'சைக்கிள் கவுன்ட்' பூஜ்யமோ ஒற்றை இலக்கமோ இருக்க வேண்டும். நூற்றுக்கணக்கில் இருந்தால் யாரோ பயன்படுத்தியதற்கு மேலாடை மாற்றி விற்றிருக்கிறார்கள்.

ஆனால் இந்த எண்களெல்லாம் பேட்டரி தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது. கைதேர்ந்த போலி அழகாகப் பொய் சொல்லும். சார்ஜிங் சரியானபின் நூறு வரை ஏற்றி, சார்ஜரைக் கழற்றி, டைப்பிங் மட்டும் செய்து எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கடிகாரம் பாருங்கள். மூன்று மணி நேரத்துக்கு முன்னே பின்னே வந்தால் கொடுத்த காசுக்குச் சரக்கு இருக்கிறது. ஒரு மணியில் படுத்துவிட்டால் திருப்பி அனுப்புங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இதைச் செய்தாக வேண்டும்.

உங்கள் மாதிரியே பேட்டரி மாற்றியபின் சார்ஜ் ஏறவில்லை என்று இந்த மாதம் இன்னும் சிலர் எழுதியிருக்கிறார்கள். நோய் பெயர் ஒன்றாக இருந்தாலும் அவர்களுடையது வேறு. லெனோவா, அசூஸ் வைத்திருப்பவர்களுக்குச் சார்ஜ் 60-லோ 80-லோ வந்து நின்றால் அது பழுதே இல்லை. பேட்டரி நீண்ட நாள் உழைக்க அந்தக் கம்பெனி மென்பொருளே வைத்த வரம்பு அது, அங்கே போய் எடுத்துவிடலாம். 'பேட்டரியே இல்லை' என்று காட்டினால் பத்தில் எட்டு தடவை கனெக்டர் ஒழுங்காக உட்காரவில்லை. புது பேட்டரி பூஜ்யத்திலேயே நின்றால் கொஞ்சம் பொறுங்கள். மிகவும் வடிந்த செல்லுக்கு லேப்டாப் முதலில் சொட்டுச் சொட்டாகத்தான் மின்சாரம் விடும், அணைத்து வைத்து ஒரு இரவு விட்டுப் பார்க்கலாம். காலையிலும் பூஜ்யம் என்றால் விற்றவரிடம் திருப்பிக் கொடுங்கள். 2012-க்குப் பின் வந்த திங்க்பேட்களில் பல, தனக்குரிய அடையாளம் இல்லாத பேட்டரியைச் சார்ஜ் செய்யமாட்டேன் என்று திரையிலேயே சொல்லிவிடும். அங்கே மட்டும் 'டூப்ளிகேட்' என்கிற கடைக்காரர் சொல்வது சரி. டைப்-சி முனையுள்ள லேப்டாப்பை செல்போன் சார்ஜரில் போட்டுவிட்டு ஏறவில்லை என்று எழுதியவருக்குத் தனியாகப் பதில் அனுப்பியிருக்கிறேன்.

கடைசியாக அந்தப் பழைய பேட்டரி. விலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதைப் படித்த உடனே எழுந்துபோய் அதை டிராயரிலிருந்து வெளியே எடுங்கள். உப்பியிருப்பதே உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது என்பதற்கு அடையாளம். சுற்றிலும் ஏ4 காகிதக் கட்டு, நாலு பக்கமும் மற்றவர்களுடைய பத்திர நகல். வைக்கக் கூடாத இடம் என்று ஒன்று உண்டென்றால் அதுதான். உப்பலை அமுக்காமல், குத்தாமல் எடுங்கள். கனெக்டர் முனையில் இன்சுலேஷன் டேப் சுற்றி, பழைய இரும்பு டப்பாவில் உலர்ந்த மணலுக்கு நடுவே வைத்து, வெயில் படாத வெளித் திண்ணையில் வையுங்கள். டப்பாவைக் காற்றுப் புகாமல் இறுக மூட வேண்டாம். காயலான் கடைக்குப் போட்டால் எடையோடு எடையாக நசுக்குவார்கள், குப்பை வண்டியில் போட்டால் வண்டியே புகையும். 2022-இல் மத்திய அரசு கொண்டுவந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளர்களின் பொறுப்பு. எனவே கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேளுங்கள், அல்லது அங்கீகாரம் பெற்ற மின்கழிவு சேகரிப்பாளரிடம் கொடுங்கள். விலை கிடைக்காது.

பயாஸில் அடாப்டர் வரியில் என்ன இருந்தது என்று அந்தப் படத்தோடு ஒரு வரி எழுதி அனுப்புங்கள். ஒன்று மட்டும்: அந்த எச்சரிக்கைத் திரையில் எஃப்3 அழுத்தினால் இனிமேல் இதைக் காட்டாதே என்று பொருள். அதை அழுத்திவிடாதீர்கள். சார்ஜர் குணமாகிவிட்டதா இல்லையா என்று உங்களுக்கு இலவசமாகச் சொல்ல இருக்கிற ஒரே ஆள் அந்த நாலு வரிதான்.